வழிமறித்தலும் முன்தடுத்தலும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

1

அகராதி சொற்களின் பொருளைத் தொகுத்துத் தரும் நூல் மட்டுமன்று. சமுதாயத்தில் நடைபெற்ற போராட்டங்களின் முடிவுகள் பதிவாகியுள்ள ஏடுமாகும். தோற்றவர் எவர், வென்றவர் எவர் என்பதை அது நேராகக் கூறுவதில்லை. ஒரு பொருளை முதலாவதாக வைத்து, இன்னொன்றை 'வழக்கிறந்தது' என்று குறித்துவிட்டு அப்பாற் செல்கிறது. அவ்வாறு குறிக்கப்பட்ட பொருள் தானாக வழக்கிறந்ததா, அன்றேல் வழக்கிழக்கச் செய்யப்பட்டதா என வினவுவது, மொழியாராய்ச்சியும் இலக்கிய விமரிசனமும் சமூக வரலாறும் சந்திக்கும் இடத்தில் நிற்போரின் கடமையாகும்.

இக்கட்டுரை அத்தகைய ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. 'ஃபோர்ஸ்ரோல்' என்னும் வினைக்கு இன்றைய அகராதிகள் தரும் முதற்பொருள், முற்கூட்டியே செயற்பட்டு ஒன்றை நிகழாது தடுத்தல் என்பதாகும். அதனையடுத்து, பழைய வழக்கு என்ற குறிப்புடன், சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் பண்டத்தை வழியிலேயே வாங்கிக்கொண்டு விலையை உயர்த்துதல் என்ற பொருள் காணப்படும். வரலாற்று அகராதிகளை நோக்குவோர் அதற்கும் முற்பட்ட பொருளொன்றைக் காண்பர்: பாதையிற் பதுங்கியிருந்து ஒருவனை மறித்துத் தாக்குதல். பாதை, சந்தை, எதிர்காலம் என மூன்று களங்களில் இச்சொல் வழங்கியிருக்கிறது. முதலிரு களங்களிலும் அது ஒரு குற்றத்தின் பெயர். மூன்றாவது களத்தில் அது பெரும்பாலும் ஒரு விவேகத்தின் பெயர். குற்றம் எவ்வாறு விவேகமாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களமாக அமைகிறது என்ற கருத்தை வொலொஷினொவ் 1929இல் முன்வைத்தார். றேமன்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேட்ஸ்' என்ற நூலில், பண்பாடு, கைத்தொழில், வர்க்கம் முதலிய சொற்களின் பொருள்மாற்றங்களைச் சமுதாய மாற்றங்களோடு இணைத்து நோக்கினார். அந்நூலில் நமது சொல் இடம்பெறவில்லை. அவர் தேர்ந்தவை பெரும்பாலும் சிந்தனையாளரின் விவாதங்களிற் பயின்ற சொற்கள். 'ஃபோர்ஸ்ரோல்' அரசாணையிலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் வழங்கிய சொல்லாதலின், அம்முறையை அதற்கும் பிரயோகித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

2

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஃபோரெஸ்ரெயல்' என்ற பெயர்ச்சொல்லாக வழங்கிற்று. 'முன்' எனப் பொருள்படும் கூறும், 'நிலை', 'நிற்குமிடம்' எனப் பொருள்படும் கூறும் இணைந்த தொடர் இது. ஒருவன் செல்லும் வழியில் அவனுக்கு முன்னால் நிலைகொண்டு நிற்றல் என்பதே அதன் உட்பொருள். இரண்டாவது கூறே இன்று குதிரை கட்டும் இடத்தையும் சந்தையிலுள்ள கடைத்தட்டையும் சுட்டும் 'ஸ்ரோல்' என்ற சொல்லாக எஞ்சியுள்ளது. இதனால், பண்டம் கடைத்தட்டுக்கு வருமுன் வாங்குதல் என்பதே மூலப்பொருள் என்று கருத இடமுண்டு. ஆனால் வரலாற்றுச் சான்று வேறு. இச்சொல்லின் வரலாற்றில் கடையிலும் பார்க்கப் பாதை பழமையானது.

பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னனின் சட்டங்களில், அரசனுக்கே உரிய உரிமைகளைக் கூறும் பகுதியில், வீடு புகுந்து தாக்குதல் போன்ற குற்றங்களோடு இதுவும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளது. 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டிலும் சில மாவட்டங்களில் அரசனுக்குத் தண்டப்பணம் செலுத்த வேண்டிய குற்றங்களுள் ஒன்றாக இது வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த முதலாம் ஹென்றியின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பு இக்குற்றத்தை விளக்க முற்படுகையில், பாதையில் எதிரியை எதிர்பார்த்து நின்றோ குறுக்காகப் பாய்ந்தோ தாக்குவதையே இப்பெயராற் குறிக்கிறது.

இங்கு ஒரு நுட்பம் மனங்கொளத்தக்கது. காயப்பட்டவன் வழிப்போக்கன், தண்டப்பணமோ அரசனுக்கு. பெருவழியின் அமைதி அரசனின் உடைமையாகக் கருதப்பட்டமையே இதற்குக் காரணம். ஆகவே இச்சொல் தோன்றிய காலத்திலேயே இரு நலன்கள் அதனுட் கலந்திருந்தன. பாதையிற் செல்வோனின் பாதுகாப்பு ஒன்று. பாதைக்கு உரிமை பாராட்டும் அதிகாரத்தின் வருவாய் மற்றொன்று. இவ்விரட்டைத் தன்மை பிற்காலத்திலும் அதனை விட்டு நீங்கவில்லை.

நகரங்களும் சந்தைகளும் பெருகிய காலத்தில் பாதையின் இயல்பு மாறிற்று. போர்வீரனும் பகைவனும் சென்ற வழியில் தானிய வண்டியும் மீன்கூடையும் செல்லலாயின. மறிக்கப்பட்டவன் பகைவனாக இருந்த நிலை மாறி, மறிக்கப்பட்டது பண்டமாயிற்று. இதனை வெறும் உவமைப் பிரயோகமாகக் கொள்ளல் பொருந்தாது. சந்தைக்கு வெளியே நின்று, உழவன் கொண்டுவரும் தானியத்தை ஊரார் காணுமுன்பே வாங்கிக்கொள்பவனும் உண்மையிலேயே பாதையில் நிற்கிறான்; எதிர்பார்த்து நிற்கிறான்; ஒன்று சேர வேண்டிய இடத்தைச் சேராமற் செய்கிறான். அவன் கையில் வாளுக்குப் பதிலாகப் பணப்பை இருக்கிறது என்பதே வேறுபாடு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியதாகக் கொள்ளப்படும் சட்டவாசகமொன்று இத்தகையோனை ஏழைகளை ஒடுக்குபவன் என்றும், சமூகம் முழுவதற்கும் நாட்டிற்கும் பகைவன் என்றும் வருணிக்கிறது. பழைய சொல்லின் பகைமைப் பொருள் புதிய களத்திலும் குன்றாது நின்றமைக்கு இது சான்றாகும்.

3

1552இல் இயற்றப்பட்ட சட்டம் மூன்று குற்றங்களை வரையறுத்தது. சந்தைக்கு வரும் பண்டத்தை வழியில் வாங்குதலும், விலையை உயர்த்துமாறோ பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவராதிருக்குமாறோ விற்போரைத் தூண்டுதலும் முதலாவது. இதுவே 'ஃபோர்ஸ்ரோல்'. ஒரு சந்தையில் வாங்கியதை அதே சந்தையிலோ அயற்சந்தையிலோ மீள விற்றல் இரண்டாவது. விளைந்து நிற்கும் பயிரையோ தானியத்தையோ மீள விற்கும் நோக்குடன் மொத்தமாக வாங்கிக் கைப்பற்றுதல் மூன்றாவது. முதன்முறை அகப்பட்டவனுக்கு இரண்டு மாதச் சிறையும் பண்டத்தின் பெறுமதி பறிமுதலும், இரண்டாம் முறை ஆறு மாதச் சிறையும் இருமடங்குப் பறிமுதலும், மூன்றாம் முறை பொதுவிடத்தில் தண்டமரத்தில் நிறுத்தப்படுதலும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன.

இச்சட்டத்தின் பின்னால் சந்தை பற்றிய ஒரு கருத்து நின்றது. உழவன் தானியத்தை வெளிப்படையாகச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். மணி ஒலிக்கும் வரை விற்பனை கூடாது. மணி ஒலித்ததும் ஏழைகள் சிறு அளவுகளில் தமக்கு வேண்டியதை வாங்குவர். அவர்களின் தேவை தீர்ந்த பின்னர், இரண்டாம் மணி ஒலித்த பின்னரே வணிகர் வாங்கலாம். ஈ. பி. தொம்சன் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய மக்கட்கூட்டத்தின் 'அறப் பொருளாதாரம்' என்று குறித்த எண்ணத்தொகுதியின் மையம் இதுவே. இவ்வமைப்பில் காலமே ஏழைகளின் உரிமையாக வைக்கப்பட்டிருந்தது. பணத்தில் அவர்கள் பின்னின்றாலும் நேரத்தில் முன்னின்றனர். வழிமறிப்போன் பறித்தது இந்த முன்னுரிமையைத்தான்.

எனினும் முற்போக்கு விமரிசகர் இவ்விடத்தில் நின்று அவதானிக்க வேண்டியதொன்றுண்டு. மடத்தலைவர்களும் பிரபுக்களும் நகரசபைகளும் சந்தையிற் சுங்கம் அறவிட்டனர். வழியில் விற்கப்பட்ட பண்டம் சுங்கத்திற்குத் தப்பிவிடும். எனவே ஏழையின் அப்பத்தைக் காத்த அதே சட்டம் உடையோரின் சுங்கத்தையும் காத்தது. அன்றியும், நகர நீதிமன்றங்களில் இக்குற்றங்களுக்காக நிறுத்தப்பட்டோருள் பெருவணிகர் மட்டும் இருக்கவில்லை. முட்டையும் கோழியும் மீனும் கூடையிற் சுமந்து விற்ற சிறு வியாபாரிகள், அவர்களுள்ளும் பெண்கள், பலராவர்.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய 'பியர்ஸ் பிளவ்மன்' இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் காட்டுகிறது. அப்பம் சுடுவோரும் மது வடிப்போரும் சில்லறையாக மீள விற்போரும், சிறிது சிறிதாக வாங்கும் ஏழைகளை வஞ்சித்து உயர்ந்த வீடுகள் கட்டுகின்றனர் என அந்நூல் கண்டிக்கிறது. நகரத் தலைவர்கள் அவர்களைத் தண்டிக்க வேண்டுமெனவும் கோருகிறது. கவிஞரின் சினம் நியாயமானது. ஆயின் அவர் அக்குற்றத்திற்குப் பெயர்சூட்டி ஒரு பாத்திரமாக நிறுத்துகையில், அது பேராசை என்னும் பாத்திரத்தின் மனைவியாகிய றோஸ் என்ற பெண்ணாகவே அமைகிறது. துணி நெய்து, மது வடித்து, அளவிற் கள்ளஞ்செய்து விற்கும் பெண் அவள். நிலப்பிரபுத்துவ அமைப்பின் கொள்ளையைச் சுட்ட எழுந்த விரல், மிக அண்மையில் நின்ற சிறு வியாபாரியின் மீது பட்டு நின்றுவிடுகிறது. சந்தையிற் காணப்படும் அநீதியை மட்டும் நோக்கி, உற்பத்தியில் நிகழும் அநீதியைக் காணாத நோக்கின் எல்லை இதுவாகும். லாங்லண்டின் மேதைமைக்கு இது குறையாகாது. அவரது காலம் அவருக்கு இட்ட எல்லை.

4

இச்சொல்லின் முழுப்பொருளையும் அறிந்துகொள்ளாது சேக்ஸ்பியரைப் படிப்போர் சிலவற்றை இழக்கின்றனர். 1590களின் நடுப்பகுதியில் தொடர்ந்து சில ஆண்டுகள் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்தது. தானிய வணிகரைக் கட்டுப்படுத்தும் அரசாணைகள் வெளிவந்தன. ஊரூராகத் தானிய இருப்புக் கணக்கெடுக்கப்பட்டது. 1598 பெப்ரவரியில் ஸ்ராற்போட் நகரில் எடுக்கப்பட்ட கணக்கில், மது வடிப்பதற்கான முளைதானியம் பத்துக் குவாட்டர், அதாவது எண்பது புசல், வில்லியம் சேக்ஸ்பியரின் பெயரிற் பதிவாகியுள்ளது. அயலவர் பலரிடமும் அத்தகைய இருப்பு இருந்தது. நாடகாசிரியரை வரலாற்று நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கு இச்செய்தி உதவாது. அவர் எழுதிய உலகில் தானியக் களஞ்சியம் எத்தகைய பொருள் பொதிந்த காட்சியாக இருந்தது என்பதையும், களஞ்சியத்தின் எப்பக்கத்தில் அவர் நின்றார் என்பதையும் அது உணர்த்துகிறது.

'மக்பெத்' நாடகத்து வாயிற்காவலன் நரகத்தின் கதவில் முதலில் வரவேற்பவன், விளைச்சல் பெருகும் என்ற அச்சத்தால் தூக்கிட்டுக்கொண்ட விவசாயி ஆவான். தானியத்தைப் பதுக்கி விலையேற்றத்தை எதிர்பார்த்திருந்தவன் அவன் என்பது அக்காலப் பார்வையாளருக்கு விளக்க வேண்டாத செய்தி. 'கொறியோலேனஸ்' நாடகம் இன்னும் தெளிவானது. புளூட்டாக்கின் வரலாற்றில் உரோம மக்களின் முதற்கிளர்ச்சிக்குக் காரணம் கடனும் வட்டியும். உணவுத் தட்டுப்பாடு பின்னரே வருகிறது. சேக்ஸ்பியரோ திரை விலகியதும் பசியால் வாடும் குடிமக்களை நிறுத்தி, நிறைந்த களஞ்சியங்களைப் பற்றி அவர்களைப் பேச வைக்கிறார். இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் 1607இல் நிலவளைப்புக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை ஒட்டிய காலத்து நாடகம் இது. கதாநாயகனின் செருக்கு, தாய்ப்பாசம் ஆகியவற்றை மட்டும் பேசும் உளவியல் விமரிசனம், நாடகம் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதைக் கருத்திற் கொள்வதில்லை.

'ஹம்லெற்' நாடகத்தில் நமது சொல்லே இருமுறை குறிப்பிடத்தக்க இடங்களில் வருகிறது. தமையனைக் கொன்று முடிசூடிய குளோடியஸ் பிரார்த்திக்க முயலும் காட்சியில், மனிதன் வீழுமுன் அவனைத் தடுத்தல் பிரார்த்தனையின் பயன்களுள் ஒன்று என்கிறான். இறுதிக் காட்சியில், வாட்போருக்கு அரசவையினர் வருவதைத் தடுத்துவிடுவதாகக் ஹொறேஷியோ கூறுகிறான். இரண்டிடத்தும் பொருள் இன்றைய 'முன்தடுத்தல்' என்பதே. ஆகவே பொருள்மாற்றம் 1600ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிவிட்டது. எனினும் அதே இறுதிக் காட்சியின் முற்பகுதியில் ஹம்லெற் தன் சிறிய தந்தையின் குற்றங்களை அடுக்குகையில், மன்னர் தெரிவுக்கும் தன் எதிர்பார்ப்புக்கும் இடையே அவன் புகுந்துவிட்டதாகக் கூறுவது நோக்கத்தக்கது. முன்னரும் அவனை முடியைத் திருடிய முடிச்சுமாறி என இகழ்ந்திருக்கிறான். உரியவனை அடையுமுன் இடைவழியில் பறித்தல் என்ற பழைய குற்றத்தின் வடிவம் நாடகத்தின் கதையமைப்பாக நிற்க, அக்குற்றத்தின் பெயரோ குற்றவாளியின் வாயில் புனிதமான பிரார்த்தனைச் சொல்லாக ஒலிக்கிறது. ஆசிரியர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என நிறுவ வேண்டியதில்லை. அரசாணைகளிலும் சந்தையிலும் அச்சொல்லைக் குற்றப்பெயராகக் கேட்டுப் பழகிய அவையினருக்கு அவ்வொலி இன்று போல் வெறுமையாக இருந்திராது என்பது போதும்.

இங்கு இரு உறவுச் சொற்களை ஒப்புநோக்கலாம். 'இன்ரர்செப்ற்' என்பது இலத்தீனில் 'இடையே' என்பதும் 'எடுத்தல்' என்பதும் சேர்ந்து அமைந்தது. 'பிரிவென்ற்' என்பதும் இலத்தீன்வழியது. 'முன்வருதல்' என்பதே அதன் மூலப்பொருள். ஆங்கிலத் திருச்சபையின் பழைய செபமொன்று, தங்கள் செயல்கள் அனைத்திலும் தங்களுக்கு முன்னே செல்லுமாறு இறைவனை இச்சொல்லாலேயே வேண்டுகிறது. அருளின் முன்வருகையைச் சுட்டிய சொல்லும், கள்வனின் முன்நிலையைச் சுட்டிய சொல்லும் இன்று 'தடுத்தல்' என்ற ஒரே பொருளில் ஒன்றையொன்று ஈடுசெய்வனவாக வழங்குகின்றன. இரண்டுமே தம் பழைய இடங்களை இழந்துள்ளன. ஆயின் ஆலயத்துச் சொல்லின் பொருளிழப்பு மெல்ல நிகழ்ந்த வழக்குமாற்றம். சந்தைச் சொல்லின் பொருளிழப்பில் பாராளுமன்றமும் நீதிமன்றமும் நேரடியாகப் பங்குகொண்டன.

5

1766இல் இங்கிலாந்தின் பல பகுதிகளில் உணவுக் கிளர்ச்சிகள் நடைபெற்றன. திரண்ட மக்கள் தானியத்தைக் கைப்பற்றித் தாம் நியாயமெனக் கருதிய விலைக்கு விற்றனர். சில இடங்களில் விற்ற பணத்தையும் வெறுஞ்சாக்கையும் உரியவரிடமே கையளித்தனர். இதனைக் கட்டற்ற கும்பலின் கொள்ளை எனல் பொருந்தாது. சட்டநூலில் இருந்தும் செயற்படாத ஒரு சட்டத்தை மக்கள் தாமே செயற்படுத்தினர். பாராளுமன்றம் அளித்த விடை 1772இல் வந்தது. 1552ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைச் சார்ந்தவையும் நீக்கப்பட்டன. எட்மன்ட் பேர்க் அதற்கு ஆதரவாக நின்றோருள் ஒருவர்.

நான்காண்டுகளின் பின், 1776இல், அடம் சிமித் தமது 'நாடுகளின் செல்வம்' நூலில், தானிய வணிகம் பற்றிய பகுதியில், வழிமறிப்புக் கொள்வனவு பற்றிய மக்களின் அச்சத்தைச் சூனியம் பற்றிய அச்சத்தோடு ஒப்பிட்டார். அவரது வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. விளைச்சல் குறைந்த ஆண்டில் வணிகன் விலையை உயர்த்துவதால் நுகர்வு தொடக்கத்திலேயே கட்டுப்படுகிறது. தானியம் அடுத்த அறுவடை வரை நீடிக்கிறது. ஆகவே அவனுடைய நலனும் மக்களின் நலனும் ஒன்றே என்பது அவ்வாதம். களஞ்சியத்தை நோக்கின் இது தருக்கமுடையது. வயிற்றை நோக்கின் ஒரு வினா எஞ்சுகிறது. அடுத்த அறுவடை வரை நீடிப்பது தானியம். நீடித்த தானியத்தை வாங்கும் பணம் எவரிடம் இருக்கும்? பசி சந்தையிற் குரலாக ஒலிப்பதற்குப் பணம் வேண்டும். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் எடுத்துரைத்ததும், உணவின் இருப்பு ஒன்று, அதனைப் பெறும் உரித்து வேறொன்று என்ற இவ்வுண்மையையே.

எழுத்துச்சட்டம் நீங்கினும் பழைய பொதுச்சட்டத்தில் குற்றம் எஞ்சியிருந்தது. 1800ஆம் ஆண்டின் விலையேற்றத்தின்போது றஸ்பி என்ற தானிய வணிகர், ஒரே நாளில் இலண்டன் தானியச் சந்தையில் வாங்கிய ஓட்ஸை அங்கேயே கூடிய விலைக்கு விற்றதற்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டார். பிரதம நீதியரசர் கென்யன் பிரபு, 1790இல் மறைந்த அடம் சிமித் இவ்வழக்கின் சாட்சியத்தைக் கேட்க உயிரோடிருந்திருக்கலாம் என்ற கருத்துப்படப் பேசினார். பின்னர், அக்குற்றம் இன்னும் சட்டத்தில் உண்டா என்பதிலேயே நீதிபதிகள் கருத்து வேறுபட்டமையால் தண்டனை நிறைவேறவில்லை. ஒரு சொல் குற்றமா அன்றா என நீதிபதிகளே பிளவுபட்டு நின்ற அக்கணம் அதன் வரலாற்றில் முக்கியமானது. 1844இல் பாராளுமன்றம் அம்மூன்று குற்றங்களையும் அடியோடு ஒழித்தது.

அத்துடன் ஆங்கிலேய நாட்டில் இவ்வழக்கு முடிந்தது. பேரரசின் பிற பகுதிகளில் முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலரைப் பயிற்றிய கல்லூரியில் 1805 முதல் அரசியற் பொருளாதாரம் கற்பித்தவர் மல்தஸ். சிமித்தின் கொள்கை அவ்வலுவலரின் நிருவாக வாய்பாடாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது, மாகாண அரசு தானே தானியம் வாங்கிச் சேர்த்ததை லிற்றன் பிரபுவின் இந்திய அரசு ஏற்கவில்லை. தனியார் வணிகத்தில் தலையிடலாகாது என்பது அதன் கொள்கை. இலட்சக்கணக்கானோர் மடிந்த அவ்வாண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நடைபெற்றது. பஞ்சத்திலிருந்து தப்பியோருட் பெருந்தொகையினர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்தனர். ஆங்கிலேய உழைப்பாளி ஒரு காலத்தில் தன் அரசின் சட்டத்தைச் சுட்டி 'இது குற்றம்' என்று கூற முடிந்தது. தென்னிந்திய உழவன் பசித்து நின்றபோது ஆட்சியாளரின் சட்டத்தில் அக்குற்றத்திற்குப் பெயரே எஞ்சியிருக்கவில்லை.

6

இன்றைய ஆங்கிலப் பத்திரிகை மொழியில் எவர் எதனை 'ஃபோர்ஸ்ரோல்' செய்கின்றனர் என நோக்குவோம். அரசு கலவரத்தை, நிறுவனம் வேலைநிறுத்தத்தை, வங்கி பீதியை, பேச்சாளர் எதிர்வாதத்தை. ஒரு காலத்தில் இவ்வினையின் எழுவாயாக நின்றவன் குற்றவாளி. அவனுக்கு எதிரே நின்றோர் மக்கள். இன்று எழுவாயாக நிற்பது அதிகாரம். செயப்படுபொருளாக நிற்பது பல வேளைகளில் மக்களின் எழுச்சி. அன்றியும், குற்றவாளியைச் சுட்டிய பெயர்ச்சொல் பெரிதும் மறைந்து, வினை மட்டுமே உயிரோடுள்ளது. செய்தவன் பெயர் அழிந்து செயல் மட்டும் போற்றத்தக்கதாக எஞ்சியது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. வணிகன் முந்துவதைக் குற்றமெனக் கருதிய சமுதாயம், முந்துவதையே ஆற்றல் எனக் கருதும் சமுதாயமாக மாறிற்று. சொல்லும் அம்மாற்றத்தைப் பின்தொடர்ந்தது.

இதனைக் கூறுமிடத்துப் பழைய சட்டத்தை மீட்க வேண்டுமென்று வாதிடுவது நமது நோக்கமன்று. அச்சட்டம் சுங்கம் பெற்றோருக்கும் துணைநின்றது. கூடைக்காரப் பெண்ணைத் தண்டமரத்திற்கு அருகில் நிறுத்தியது. தொம்சனின் ஆய்வு மக்களின் நியாய உணர்வை வரலாற்றில் நிலைநாட்டிய பெருஞ்சாதனை. ஆயினும் அதனைப் படிப்போர் பழைய சந்தையைப் பொற்காலமாகக் கொண்டுவிடும் ஆபத்து உண்டு. மாக்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், பரிவர்த்தனைக் களத்தின் ஆரவாரத்தை விட்டு உற்பத்திக் களத்தினுள் நம்மை அழைத்துச் செல்கிறார். வழியில் மறிக்கப்படும் பண்டத்தைப் பழைய சொல் கண்டது. பண்டத்தை ஆக்கிய உழைப்பின் ஒரு பங்கு உழைப்பாளியைச் சேராது இடையில் எடுக்கப்படுவதை அது காணவில்லை. அதன் ஆற்றலும் எல்லையும் ஒன்றாகவே உள்ளன.

இறுதியாக மொழிபெயர்ப்புப் பற்றி ஒன்று கூறவேண்டும். இச்சொல்லைத் தமிழில் 'முன்தடுத்தல்', 'முற்கூட்டித் தடுத்தல்' எனப் பெயர்ப்பது இன்றைய வழக்கிற்குப் பொருந்தும். ஆனால் பழைய சட்டங்களையும் 1800க்கு முற்பட்ட இலக்கியத்தையும் பெயர்க்குமிடத்தும் அதனையே கையாளின், ஆங்கிலத்தில் ஒருமுறை நிகழ்ந்த மறைப்பு தமிழில் இரண்டாம் முறையும் நிகழும். நம்மிடம் தகுந்த சொற்கள் இல்லாமலில்லை. சங்கப் பாடல்களில் வரும் 'ஆறலை கள்வர்' என்ற தொடரில் ஆறு என்பது வழி. வழிச்செல்வோரை அலைத்துப் பறிப்போர் அவர்கள். பழைய ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளுக்கு இதனிலும் நெருங்கிய ஈடு கிடைத்தல் அரிது. சந்தைக் குற்றத்திற்கு நாம் வழங்கும் 'பதுக்கல்' என்ற சொல் பண்டம் மறைக்கப்படுவதைச் சுட்டுகிறதேயன்றி, அது மறிக்கப்படுவதைச் சுட்டுவதில்லை. 'வழிமறிப்புக் கொள்வனவு' எனக் கூறின் பாதையும் சந்தையும் ஒருங்கே புலப்படும்.

'கொறியோலேனஸ்' நாடகத்தைத் தமிழில் தருவோரும் வகுப்பறையிற் கற்பிப்போரும், முதற்காட்சியின் குடிமக்களை வெறுங்கும்பலாகக் காட்டாது, தம் வழக்கை அறிந்து பேசும் வழக்காடிகளாகக் காட்டுவதற்கு இத்தகைய சொல் துணைபுரியும். அவர்களுடைய குற்றச்சாட்டு அன்றைய ஆங்கிலேய சட்டத்தில் பெயருடையது. அப்பெயரை அகராதியின் அடிவரியிலிருந்து மீட்டு அவர்களிடம் கொடுத்த பின்னரே, நாடகத்தின் நியாயம் எப்பக்கம் சாய்கிறது என்ற விவாதத்தை நாம் நேர்மையாகத் தொடங்க முடியும்.